ஒரே சுவருக்கு மூன்று பாலிசி

இரவு ஷிப்டு முடிந்து வந்த பஞ்சாலை படுத்து முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வீடு உறுமியது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வாசலைக் கடக்கிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தாள். லாரி என்றால் கடந்து போய்விட வேண்டும், இது போகவில்லை. கட்டிலை யாரோ காலைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. சமையலறையில் தட்டுகள் கலகலத்தன. பக்கத்து வீட்டில் ஏதோ பெரிதாக விழுந்து நொறுங்கியது. மொத்தம் பத்து நொடி இருக்கலாம். பிறகு எல்லாம் அடங்கித் தெரு நாய்கள் மட்டும் குரைத்தன.

அவள் கைலியோடு வெளியே ஓடி வந்தபோது தெருவே வெளியில் நின்றது. பாதிப் பேர் போர்ட்டிகோவுக்கு அடியில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மத் நிஷா மட்டும் மின்கம்பி எதுவும் தலைக்கு மேல் இல்லாத இடமாகப் பார்த்து, நடுச் சாலையில், மூன்று வயது மகள் ருமைசாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். கூரைக்கு அடியில் நிற்காதீர்கள், இன்னொரு முறை ஆடினாலும் ஆடும் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். யாரும் நகரவில்லை. பக்கத்து மாநிலத்துச் செகாமாட்டில் ஆடியபோது தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி, தங்கள் கோலா சாவாவில் பூமி ஆடும் என்று யார் நினைத்தார்கள்?

அங்கே இருந்த பழைய எஸ்டேட் தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர்களுக்கென்று கட்டிக் கொடுத்த இரண்டு வரிசை தொடர்வீடுகளில் ஒன்று பஞ்சாலையுடையது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர்தான். உள்ளே போய்ப் பார்த்தபோது, அந்த நடுச்சுவரில் கூரை மூலையிலிருந்து சுவிட்சுப் பெட்டிவரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். முதல் கணு வரை போயிற்று. நிஷாவின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கமும் அதே கோடு, அதே சாய்வு. விரிசலுக்குக் கீழே அலமாரி கவிழ்ந்து கிடந்தது. நிஷா கேக் சுட்டு விற்கும் பெரிய அடுப்பின் கதவு நொறுங்கியிருந்தது.

பஞ்சாலை செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறவள். பழுது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படம் எடுத்தாள், அளவு எடுத்தாள், தேதியும் மணியும் எழுதி வைத்தாள். பிறகு நிம்மதியாக ஒரு தேநீர் போட்டுக் குடித்தாள். ஏனென்றால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவள் கணவன் மணியத்தின் அக்காள் மகன் ஹேமநாதன் ஏஜெண்டாகச் சேர்ந்த புதிதில், முதல் பாலிசியை மாமா வீட்டுக்குத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்துப் போட்டது. எல்லாமே கவர் ஆகும் அத்தை, நீங்க பேப்பரைப் பத்திரமா வெச்சுக்கிட்டா போதும் என்று சொல்லியிருந்தான். அவளும் பேப்பரைப் பத்திரமாக வைத்திருந்தாள், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல்.

ஹேமநாதன் போனில் முதலில் போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொன்னான். அவள் தூக்கக் கண்ணோடு போலீஸ் பலாய்க்குப் போனாள். மேசையில் இருந்த இளம் போலீஸ்காரர் யார் மேல் புகார் என்று கேட்டார். யார் மேலும் இல்லை, பூமி ஆடியது என்றாள். சந்தேகப்படும் ஆள் யாராவது உண்டா என்ற கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். இருவரும் அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதில் ஒரு சிறு கோடு போட்டு ரிப்போர்ட் வாங்கி வந்தாள்.

பத்தாவது நாள் சேதத்தை மதிப்பிட ஒருவர் வந்தார். சுகுமாறன் என்று பெயர், சிரம்பானிலிருந்து. அமைதியான மனிதர். ரிப்போர்ட்டை நீட்டியதும், நிலநடுக்கத்துக்கு இது தேவையே இல்லையே என்றார். பஞ்சாலை மணியத்தைப் பார்த்தாள். மணியம் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான்.

சுகுமாறன் டார்ச் அடித்து விரிசலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, இந்த விரிசல் நடுக்கத்துக்கு முன் இல்லை என்பதற்கு ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டார். பழைய விரிசலைக் காட்டிப் பணம் கேட்கிறவர்கள் நிறையப் பேராம். அந்த வாரம் மட்டும் எட்டு வீடு பார்த்தாராம், ஒரு வீட்டு விரிசலுக்குள் எறும்புக் கூடே இருந்ததாம்.

படம் இல்லாமலா? பஞ்சாலை ஆல்பங்களை இறக்கினாள், கைப்பேசியைத் தேடினாள். மகளின் சடங்கு, மூன்று தீபாவளி, மணியத்தின் ஐம்பதாவது பிறந்த நாள். எல்லாமே அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்திருந்தன. எல்லாவற்றிலும் சுவர் முழுக்க ஜரிகைத் துணியோ, பலூனோ, பேனரோ தொங்கியது. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சுவரை வெறுமையாக யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்து வைக்க யாருக்குத் தோன்றும்?

நிஷாவுக்குத் தோன்றியிருந்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள், தன் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். எட்டு மாதத்துக்கு முன், குடிவந்த அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அவள் படம் எடுத்திருந்தாள். அதற்கு முன் இருந்த வீட்டில், ஆணி அடித்த ஓட்டையெல்லாம் நீங்கள் போட்டதுதான் என்று முன்பணத்தைத் திருப்பித் தராமல் விட்டார்களாம். படத்தில் நடுச்சுவர் அவள் பக்கத்தில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே விரிசல்தான் ஊடுருவிப் போகிறது என்பதை சுகுமாறன் அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார். பஞ்சாலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த மூச்சு சமையலறைவரைதான் நீடித்தது. பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த சமையலறையின் தரை ஒரு மூலையில் இறங்கி, சுவரை விட்டு விலகியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். இடைவெளியில் பழைய சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் இன்னொரு பழைய பூச்சு.

"அக்கா, பூமி ஆடினது வேற, மண்ணு கீழ எறங்குறது வேற," என்றார். "முன்னால சுவரு ஆட்டத்துல பொளந்தது. அது உங்க பாலிசில இருக்கு. இது ரொம்ப நாளா எறங்கிக்கிட்டு இருக்கு. மண் எறக்கம், சரிவு, ரெண்டும் சேராதுன்னு பாலிசியிலயே எழுதியிருக்கு. அது மட்டும் இல்ல, இந்தக் குசினி கட்டினத நீங்க கம்பெனிக்குச் சொல்லவே இல்ல. அவங்க கணக்குல இப்படி ஒரு குசினியே இல்ல."

"எல்லாம் கவர் ஆகும்னு சொன்னாங்களே தம்பி?"

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் பழக்கமானதுபோல் இருந்தது. காகிதத்தை எடுத்து மேசையில் விரித்துப் பொறுமையாகவே சொன்னார். வீட்டுக்கு எடுக்கிற பாலிசி கட்டடத்துக்கு, சாமானுக்கு இல்லை. சாமானுக்கு எடுக்கிறது வேறு. வாடகைக்கு இருக்கிறவர்கள் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். வெறும் தீ பாலிசி என்றால் அதில் நில நடுக்கம் வராது. பஞ்சாலையின் பாலிசியில் வருகிறது, ஆனால் முதலில் ஒரு சின்னத் தொகை அவள் கையிலிருந்து போக வேண்டும், மிச்சத்தைத்தான் கம்பெனி கொடுக்கும். கடைசியாக, நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் அவளுடைய பாலிசி அவளுடைய பாதிக்குத்தான்.

பஞ்சாலை அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள்.

"பாதிச் சுவத்த எப்படி தம்பி கட்டுறது? நடுவுல ரம்பத்தால அறுத்து என் பாதிய மட்டும் எடுத்து வெளிய வெச்சுக் கட்டணுமா?"

சுகுமாறன் காகிதத்தை மடித்தார். அடுத்த வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி, தேநீரைக் குடித்து முடித்துக் கிளம்பினார். பாதிச் சுவரைக் கட்ட முடியாது என்றுதான் ரந்தாவிலிருந்து வந்த காண்ட்ராக்டரும் சொன்னான். இரண்டு பக்கமும் பூச்சை உரித்து, குறுக்கே கம்பி கொடுத்துத் தைத்தால்தான் சுவர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் செய்யச் சொன்னால் அவன் வேலையையே எடுக்க மாட்டான்.

நிஷாவின் காரியம் அவளுடையதைவிட எளிதாக இருந்தது. அலமாரிக்கும் அடுப்புக்கும் அவளிடம் சாமான் பாலிசி இருந்தது, நிலநடுக்கம் உண்டு என்று தெளிவாக எழுதி வாங்கியது. அவளும் கணவன் அஸ்ஃபாக்கும் கல்யாணமான புதிதில் சபாவில் ரானாவில் உணவகம் வைத்திருந்தார்களாம். அங்கே மலை ஆடியபோது கடைச் சாமான் அத்தனையும் போயிற்று. ஒன்றுக்கும் பாலிசி இல்லை. அதற்குப் பிறகு எங்கே குடிபோனாலும் முதல் வேலை அதுதான். ஆனால் சுவர் சாமான் இல்லை. சுவர் அவளுடையதும் இல்லை. அது கோலா கிளாவாங்கில் மகளோடு இருக்கும் வீட்டுக்காரர் திருநாவுக்கரசுடையது.

திருநாவுக்கரசு அந்தத் தோட்டத்தின் கடைசிக் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து பஞ்சாலையின் அப்பா, அம்மா, மாமன் எல்லோரின் பெயரையும் வேலைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர். ஏதாவது கேட்டுப் போனால், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நோட்டீசைப் படிச்சுப் பாத்தியா என்று கேட்கிறவர். போனில் அவர், வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், பேங்கில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். நான்கு தடவை பேசினாள். நான்கு தடவையும் அதே பதில்.

ஞாயிற்றுக்கிழமை மணியம் காரை எடுத்தான். நிஷாவும் குழந்தையோடு வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். மலைச் சாலையின் வளைவுகளில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. பஞ்சாலை வழி முழுக்க மனதுக்குள் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி வளைவு வருவதற்குள் அதில் மரியாதை கொஞ்சமும் மிச்சம் இல்லை.

திருநாவுக்கரசு நன்றாகவே வரவேற்றார். எழுபத்து நான்கு வயதிலும் சட்டைப்பையில் இரண்டு பேனா. பாலிசியைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே போய் ஒரு கனத்த கோப்போடு வந்தார். எல்லாம் வருட வாரியாக அடுக்கித் துளையிட்டுக் கோத்திருந்தது. வீட்டுக் கடன் முடிந்த பிறகும் பேங்க் எடுத்துக் கொடுத்த அதே பாலிசியை ஒரு வருடம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார்.

"நான் எதையும் படிக்காம கையெழுத்துப் போடுறவன் இல்ல," என்று சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் காலைப் பிரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் குரலிலேயே உரக்கப் படித்தார். நெருப்பு. மின்னல். வீட்டு உபயோக கேஸ் வெடிப்பு. அதோடு வரி முடிந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முன்னால் வந்தார். போன வருடத்துத் தாளை எடுத்துப் பார்த்தார், அதற்கு முந்தின வருடத்தையும். பஞ்சாலைக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரிப்பு வரவில்லை. அவளும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதவள்தான்.

கோப்பை மூடிவிட்டுக் கிழவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். இது என்ன ஜப்பானா, ஏதோ ஒரு தடவை ஆடிவிட்டது, இனி நூறு வருடத்துக்கு ஆடாது, பேஸ்ட் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்தால் போயிற்று என்றார். பெயிண்டு வேண்டுமானால் நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னார். பஞ்சாலை எழுந்தே விட்டாள். வழியெல்லாம் சேர்த்து வைத்தது நாக்கு நுனிக்கு வந்திருந்தது. அதற்குள் நிஷா பேசினாள்.

"ஐயா, ரானாவ்லயும் மொத தடவ ஆடுனப்ப அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் திரும்பத் திரும்ப ஆடிச்சு. நாங்க பதினோரு நாளு கார்லதான் படுத்தோம். என் சாமானுக்கு பாலிசி இருக்கு, உடைஞ்சா வேற வாங்கிக்குவேன். ஆனா நான் கேக் சுடுற நேரத்துல என் பிள்ளை அந்தச் சுவத்து ஓரமாத்தான் தூங்குது. நீங்க செய்யலன்னா உங்க மேல கோவம் இல்ல. இந்த மாசக் கடைசியில சாவியக் கொண்டாந்து குடுத்துர்றேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். கிழவர் குழந்தையைப் பார்த்தார். அதற்குக் காற்றுப் பட வேண்டும் என்று மகளைக் கூப்பிட்டு விசிறியைத் திருப்பி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கோப்பின் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"புதன்கெழம வரேன். கண்ணால பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

புதன்கிழமை மருமகனின் காரில் வந்தார். நிஷா வீட்டுக்குள் போய் விரிசலில் விரலை விட்டார். பஞ்சாலைக்குப் போனதைவிட ஆழமாகவே போயிற்று. விரலை எடுத்தபோது ஒரு கைப்பிடி பூச்சு உதிர்ந்து அவர் செருப்பில் விழுந்தது. அவர் தன் பாதிச் செலவைத் தானே போட்டுக்கொள்வதாகப் பஞ்சாலையிடம் சொல்லிவிட்டு, நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ரந்தாவ் காண்ட்ராக்டர் வேண்டாம், தன் ஊர்ப் பக்கத்து ஜெலுபு ஆள்தான் வேண்டும் என்றார் கிழவர். ஜெலுபு ஆள் இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது மழை. மழை விட்டபோது நிஷாவின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அடுப்பைப் பார்க்க ஆள் வந்து, அது முடியும்வரை சுவரைத் தொடக்கூடாது என்றான். பஞ்சாலையின் இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொரு விலைப்புள்ளி கேட்டது. இரண்டு விலைப்புள்ளி அனுப்பிய பிறகு முதலாவதைத் திரும்ப அனுப்பச் சொன்னது. ஹேமநாதன் ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் பொறுங்க அத்தை, இது புரோசிஜர்லா என்று குரல் பதிவு அனுப்பினான். ஒரு நாள் அவள் அதற்குப் பதிலாகத் தன் விரிசலின் படத்தை மட்டும், ஒரு எழுத்தும் சேர்க்காமல், பதினான்கு தடவை அனுப்பினாள்.

ஒருவழியாக வேலை ஆரம்பித்தபோது திருநாவுக்கரசு தினமும் காலை எட்டரைக்கு வந்துவிட்டார். சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல், எந்தக் கம்பி எந்த இடத்தில் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். இரவு ஷிப்டு முடிந்து வருகிற பஞ்சாலை தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் துளையிடும் இயந்திரம், அதற்கு மேலே கிராணியின் குரல். மூன்றாவது நாள் அவள் எழுந்து போய், ஐயா, எங்கப்பாவ வேல வாங்குன மாதிரி என்னையும் வாங்காதீங்க, நாலு மணி நேரம் தூங்க விடுங்க என்று கேட்டாள். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். மறுநாளிலிருந்து துளையிடுவது பிற்பகலுக்கு மாறியது. அவர் மட்டும் எட்டரைக்கே வந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ருமைசா அவருடைய இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை.

சுவர் நின்றது. பூச்சு காய்ந்து இரண்டு பக்கமும் வெள்ளை அடித்தார்கள். நிஷா சாவியைக் கொடுக்கவில்லை. பஞ்சாலையின் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தபோது, அவளுடைய பாதிச் சுவருக்கு, கையிலிருந்து போக வேண்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டிருந்தார்கள். சமையலறைக்கு ஒரு காசும் இல்லை. ஏன் இல்லை என்று இரண்டு பத்தி எழுதியிருந்தார்கள். அவளுக்கு இப்போது அது புரிந்தது, புரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பின்பக்க மூலையில் தரை இறங்கியபடியே இருக்கிறது. அதை எப்போது செய்வது என்று மணியத்துக்கும் அவளுக்கும் இன்னும் பேச்சு ஓடுகிறது.

பாலிசி புதுப்பிக்கும் மாதம் வந்தது. ஹேமநாதன் கையெழுத்து வாங்க மாலையில் வந்தான். ஐந்து நிமிட வேலை என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பஞ்சாலை பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, காகிதத்தை மேசையில் வைத்து, முதல் வரியிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். இது என்ன, அது எதற்கு, 'நிலச்சரிவு நீங்கலாக' என்று எழுதியிருக்கிறதே, அதைச் சேர்க்க முடியுமா, முடியும் என்றால் ஏன் ஆறு வருடமாகச் சொல்லவில்லை, சமையலறையை இப்போது சொன்னால் எழுதிக்கொள்வார்களா. முதல் இரண்டு பக்கத்துக்கு அவன் மடமடவென்று பதில் சொன்னான். மூன்றாவது பக்கத்தில் வேகம் குறைந்தது. நான்காவது பக்கத்தில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அத்தை, உண்மையச் சொல்லிர்றேன். மூணாவது பக்கத்துக்கு மேல நான் படிச்சதே இல்ல."

அவள் திட்டுவாள் என்று மணியம் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் திட்டவில்லை. ஆறு வருடத்தில் இந்தப் பையன் சொன்ன முதல் தெளிவான வாக்கியம் அதுதான் என்று நினைத்தாள். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். புரியாத வரிகளுக்கு நிஷாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்; அவளுக்கும் புரியாதவற்றை ஹேமநாதன் தன் மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டான். பஞ்சாலை ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டே வந்தாள். பதினொன்றாவது பக்கத்தில் தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது. அவள் எழுந்து சீருடையை மாட்டிக்கொண்டு, மிச்சப் பக்கங்களை எண்ணிப் பார்த்தாள்.

"நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துரு," என்றாள். "சாப்பிடாம வா, இங்கயே சாப்பிட்டுக்கலாம். முடியறவரைக்கும் நான் கையெழுத்துப் போடப் போறதில்ல."